ஒரு சாண் மேலே

கரூரிலிருந்து வாங்கல் போகிற சாலையில் பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறை வைத்திருந்த குழந்தைவேலு, கோயம்புத்தூரில் பெரிய ஓட்டல் ஒன்றில் முதலாளிமார்களுக்காக நடந்த இரண்டு நாள் பயிலரங்கத்துக்குப் போய்விட்டு வந்து, அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, நூற்றுப்பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தரையிலிருந்து ஒரு சாண் மேலே எழும்பி நின்றார். அப்போது அவர் சுவரில் புதிதாக எழுதவைத்திருந்த, கொங்குமணி கோச் என்கிற தன் கம்பெனியின் ஐந்து விழுமியங்களை வாசித்துக்கொண்டிருந்தார். குடும்பம், நன்றி, நம்பிக்கை, உற்சாகம் என்று நான்கைச் சொல்லி முடித்து, ஐந்தாவதான 'ஒரே குரல்' வாயிலிருந்து வெளியே வந்ததும் அவருடைய கறுப்புச் செருப்பு இரண்டும் சிமெண்டுத் தரையை விட்டன. யாரும் வாயைப் பிளக்கவில்லை. டீ கொண்டுவந்த ஆள் டம்ளரை வழக்கத்தைவிட ஒரு சாண் தூக்கிக் கொடுத்தார், அவ்வளவுதான். வெல்டிங் மேஸ்திரி காஜா மைதீன் மட்டும் பக்கத்தில் நின்ற சௌடேஸ்வரியிடம், "விழுமியம்னா விழுகிறதுதானேம்மா? இவரு என்ன மேல போறாரு?" என்று கேட்டார். சௌடேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் ஆள் எடுக்கிற பிரிவின் அதிகாரி என்பதால் அதை விழுங்கிக்கொண்டாள்.

சௌடேஸ்வரி அந்தப் பட்டறையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து பதினெட்டு வருசம் ஆகியிருந்தது. யாருக்கு எந்த வேலை வரும், யார் எந்த வேலையில் ஏமாற்றுவார்கள் என்பதெல்லாம் ஆள் கேட்டுக்குள் நுழைந்து சைக்கிளை நிறுத்துகிற தினுசிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கணிப்பு இனிமேல் வேண்டாம் என்று குழந்தைவேலு மிதந்தபடியே சொன்னார். "வேலை தெரிஞ்சவன் ஊருக்கு ஆயிரம் பேரு கெடைப்பான் சௌடா. நமக்கு வேண்டியது நம்ம மனசு இருக்கிறவன். நாற்காலியில உக்கார வைங்க, அஞ்சு விழுமியத்தையும் சொல்லச் சொல்லுங்க. எந்திரிச்சா எடுங்க, எந்திரிக்காட்டி அனுப்புங்க."

அப்படியே செய்தாள். நேர்முகத்துக்கு வந்தவர்களில் பத்தில் ஒருவர் எழும்பினார். கொள்முதலுக்கு வந்த ஒருவன் 'நன்றி' என்ற சொல்லிலேயே நாற்காலியை விட்டுக் கிளம்பிவிட்டான். விற்பனைக்கு வந்தவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னதில் தலை போய் மின்விசிறியில் இடித்தது. தரம் பார்க்கிற தலைமைப் பதவிக்கு வந்த நவநீதன், "எனக்கு எங்க வீட்டைவிட கம்பெனிதான் சார் வீடு, எங்கப்பாவைவிட நீங்கதான் சார் அப்பா" என்று சொல்லிக்கொண்டே ஒரு சாண் எழும்பி, குழந்தைவேலுவின் கண்ணுக்கு நேராக வந்து நின்றான். குழந்தைவேலுவின் கண் கலங்கியது. அவனுடைய அப்பா அந்த நேரம் வெளியே வேப்பமரத்தடியில் அவனுக்காக ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பஸ்ஸின் அடிச்சட்டம் எது, கூடு எது என்பது நவநீதனுக்குத் தெரியாது. அது விழுமியங்களில் வரவில்லை என்பதால் யாரும் கேட்கவும் இல்லை.

அதே வேலைக்கு, அதே நாள் பிற்பகல், எஸ்தர் என்று வேலாயுதம்பாளையத்துப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். ஒன்பது வருச அனுபவம். பழைய இடத்தை ஏன் விட்டீர்கள் என்று சௌடேஸ்வரி கேட்டாள்.

"பிரேக் குழாய் ஒண்ணு சரியில்லைன்னு எழுதினேங்க. அழிக்கச் சொன்னாங்க. அழிக்கலை. அனுப்பிட்டாங்க."

"இங்க அஞ்சு விழுமியம் இருக்குது. சொல்லிப் பாருங்க."

எஸ்தர் சுவரைப் பார்த்து நான்கு சொன்னாள். ஐந்தாவதில் நிறுத்தினாள். "எல்லாரும் ஒரே குரல்ல பேசினா, தப்புன்னு சொல்றது யாருங்க?" என்று கேட்டாள். அதைக் கேட்கும்போது அவளுடைய நாற்காலி கால் நான்கும் தரையில் இன்னும் கொஞ்சம் அழுந்தியதுபோல் இருந்தது. சௌடேஸ்வரிக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் படிவத்தில் 'பொருந்தவில்லை' என்று எழுதினாள். மகளுக்கு ஈரோட்டில் நர்சிங் மூன்றாம் வருசம் என்று மனசுக்குள் யாரிடமோ சமாதானம் சொல்லிக்கொண்டே எழுதினாள். எழுதிய பிறகு அந்தச் சமாதானத்தைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

ஒரு வருசத்துக்குள் அலுவலகத்தில் முப்பத்தோரு பேர் மிதந்தார்கள். கரூர் அவர்களை, புதிதாக வந்த ஒருவழிப்பாதையை ஏற்றுக்கொண்டதுபோல் ஏற்றுக்கொண்டது. முதல் வாரம் முணுமுணுப்பு, இரண்டாம் வாரம் பழக்கம். ஜவகர் பஜாரில் செருப்புக்கடைக்காரர் மட்டும் இவர்கள் செருப்பு தேய்வதே இல்லை என்று வயிறெரிந்தார். முடிவெட்டுகிறவர் ஒரு முக்காலி செய்து வைத்துக்கொண்டார். டவுன் பஸ் நடத்துநர்கள் தலை இடிக்காமல் குனியச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டார்கள், ஏனென்றால் மிதக்கிறவரால் குனிய முடியாது. குனிந்தால் பாரம் தப்பி, உடம்பு மொத்தமும் பந்துபோல் கவிழ்ந்து கால் மேலே போய்விடும். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு "பையன் கால் தரையில படுங்களா?" என்ற கேள்வியையும் சேர்த்துக்கொண்டார்கள். படாது என்றால் பெண் வீட்டார் முகம் மலர்ந்தது. பட்டறைக்காரக் குடும்பங்களில் மாமியார்கள், தரையில் நடக்கிற மாப்பிள்ளையைப் பார்த்து, "அவரு இன்னும் கீழதான் இருக்காரு" என்று பக்கத்து வீட்டில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். பசுபதீஸ்வரர் கோயிலில் விழுந்து கும்பிட முடியாத முப்பத்தோரு பேரையும் குருக்கள் நின்றபடியே திருநீறு வாங்கிக்கொள்ள விட்டார். சாமிக்கே அதில் ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை.

பட்டறைக்குள்ளே வேறு ஒரு பழக்கம் ஊறியது. யாராவது குறை ஒன்றைச் சொன்னால், கேட்டுக்கொண்டிருக்கிற மிதப்பவர்கள் ஒரு விரற்கடை கீழே இறங்கினார்கள். தகடு மெலிசாக வந்திருக்கிறது என்றால் ஒரு விரற்கடை, பெயிண்ட் உரிகிறது என்றால் இன்னொரு விரற்கடை. கீழே இறங்குவதை மானக்கேடாக நினைத்ததால், குறை சொல்ல வருகிறவனைப் பார்த்தவுடனே அவர்கள் காதைப் பொத்திக்கொண்டு, "பாசிட்டிவா பேசுங்க, பாசிட்டிவா" என்று கத்திக்கொண்டு சுவரைத் தள்ளி அடுத்த அறைக்கு மிதந்து போனார்கள். மாதாந்திரக் கூட்டத்தில் கைதட்டல் மட்டுமே மிஞ்சியது. வெல்டிங், தகடு, சீட்டு, பெயிண்ட் ஆட்கள், அதாவது பஸ்ஸை உண்மையில் கட்டுகிறவர்கள், அந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை. அவர்களுடைய பூட்ஸ் தரையில் சத்தம் போடுகிறது என்று காரணம் சொன்னார்கள்.

ஆடி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று கரூரில் புகுந்து கூரைத் தகட்டையெல்லாம் தட்டிப் பார்த்தது. முதல் நாளே கணக்குப் பிரிவின் இரண்டு பேர் சாப்பாட்டுத் தூக்கோடு அடித்துச் செல்லப்பட்டு, சுற்றுச்சுவரின் முள்கம்பியில் வேட்டி மாட்டிக்கொண்டு கிழக்கே பார்த்துத் தொங்கினார்கள். அன்று மதியமே நவநீதன் வழி கண்டுபிடித்தான். ஸ்டோர் அறைக்கு மிதந்து போய், பஸ்ஸின் கூட்டை அடிச்சட்டமான சேசிஸோடு இறுக்கிப் பிடிக்கிற கனமான போல்ட்டுகளில் பன்னிரண்டை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். காற்று அவனை அசைக்கவில்லை. மறுநாள் எல்லாரும் போட்டுக்கொண்டார்கள். மூன்றாம் நாள் குழந்தைவேலு தன் பட்டுச் சட்டைக்கு உள்பாக்கெட் தைத்துக்கொண்டு வந்து, புதுமை என்றால் இதுதான் என்று நவநீதனுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

அந்தக் காற்றிலும் சௌடேஸ்வரிக்குக் கால் தரையில்தான் இருந்தது. குழந்தைவேலு அவளைக் கூப்பிட்டார்.

"பத்தொன்பது வருசம் ஆச்சு சௌடா. ஆள் எடுக்கிற நீங்களே இன்னும் தரையில நடந்தா எனக்குக் கூச்சமா இருக்குது. ஆடிப்பதினெட்டு வரைக்கும் பாக்கிறேன்."

"முயற்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்கிறேனுங்க."

அவள் முயற்சி செய்யவும் செய்தாள். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஐந்தையும் நூற்றெட்டுத் தடவை சொன்னாள். 'குடும்பம்' என்று சொல்லும்போதெல்லாம், விரல் நசுங்கிய தகட்டுக்காரர் ஒருவரை மூன்றாம் நாளே வேலைக்கு வரச் சொன்னது ஞாபகம் வந்து கால் கல்லாகக் கனத்தது. கடைசியில் மரவேலை பார்க்கிற ஆளிடம் ஒரு சாண் உயரத்தில் இரண்டு கட்டை செய்யச் சொல்லி, சிமெண்டு நிறத்தில் பெயிண்ட் அடித்து, செருப்போடு கட்டிக்கொண்டு, சேலையைச் சரியாகத் தழைத்து, மிதக்கிறவர்கள்போல் கையை வீசி வீசி அலுவலகத்துக்குள் வந்தாள். முப்பத்தோரு பேரும் கைதட்டினார்கள். ஒருவர்கூடக் கீழே பார்க்கவில்லை. அவர்கள் கீழே பார்ப்பதை நிறுத்தி ஒரு வருசம் ஆகியிருந்தது. தன்னையே காறித் துப்பலாம்போல் இருந்தது அவளுக்கு. எச்சில் எவ்வளவு தூரம் கீழே போகவேண்டும் என்று யோசித்தாள்.

ஆடிப்பதினெட்டு அன்றுதான் கிருஷ்ணராயபுரம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் புதுப் பஸ் கொடுக்கிற நாள். மஞ்சள் பெயிண்ட், ஐம்பத்திரண்டு சீட்டு. காலை எட்டு மணிக்கே மைதீன் மேஸ்திரி சௌடேஸ்வரியின் அறைக் கதவில் வந்து நின்றார். அவர் அந்த அறைக்குள் வந்து மாதங்கள் ஆகியிருந்தன.

"கட்டையைக் கழட்டிப் போட்டுட்டுக் கேக்குறியா, இல்ல மேல நின்னே கேக்குறியாம்மா?"

அவளுக்கு முகம் எரிந்தது. "தெரியுமா பாய்?"

"நாங்க கீழ இருந்து பாக்கிறவங்க. எங்களுக்குத் தெரியாம என்ன?" என்றவர், உள்ளே வராமலே சொன்னார். "பள்ளிக்கூட வண்டியில பதினாறு போல்ட்டு இருக்கணும். ஏழுதான் இருக்குது. ஸ்டோர்ல இல்லைங்கிறான். ரெண்டு வாரமா நவநீதங்கிட்ட சொல்றேன், காதைப் பொத்திக்கிட்டுப் பறந்துடறான். ஓகேன்னு சீட்டுல கையெழுத்தும் போட்டுட்டான். மொதலாளிகிட்ட போனேன். பாசிட்டிவா பேசச் சொன்னாரு. வாங்கல் திருப்பத்துல வண்டி ஒரு பக்கம் சாஞ்சா கூடு மட்டும் தனியா போயிரும். பிள்ளைங்க உள்ள இருக்கும்."

"நீங்களே வந்து சொல்லக்கூடாதா பாய்?"

"நான் சொன்னா எவன் கேப்பான்? நீ ஆபீஸு."

அவர் போய்விட்டார். சௌடேஸ்வரி கட்டையைக் கழற்றவில்லை.

பத்து மணிக்கு முற்றத்தில் பந்தல். பஸ்ஸுக்கு மாலை, டயருக்கடியில் நாலு எலுமிச்சம்பழம், கற்பூரம் காற்றில் அணைந்து அணைந்து எரிந்தது. முப்பத்தோரு பேரும் அவர்களுக்கு நடுவே குழந்தைவேலுவும் ஒரே உயரத்தில், பாக்கெட் புடைக்க, வரிசையாக மிதந்தார்கள். பள்ளித் தாளாளர் இந்திராணி அம்மையார் அறுபது வயசுக்காரர், கனத்த உடம்பு, முழங்கால் வலியால் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார். நவநீதன் சாவியைத் தட்டில் வைத்து, "எங்க குடும்பத்துலேர்ந்து உங்க குடும்பத்துக்குங்க மேடம்" என்று நீட்டினான்.

அப்போது சௌடேஸ்வரி செருப்பைக் கழற்றினாள். ஒரு சாண் கீழே இறங்கினாள். அதைப் பார்த்து விற்பனைப் பிரிவில் ஒருவன் ஐயோ என்றான். அவள் யாரையும் பார்க்காமல் பட்டுச்சேலை முந்தானையை இடுப்பில் செருகி, மாலை போட்ட பஸ்ஸின் முன்னால் மண்டியிட்டு, பிறகு மல்லாந்து, கிரீஸும் புழுதியும் முதுகில் ஒட்ட உள்ளே ஊர்ந்தாள். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. போல்ட் இருந்த இடத்தில் தட்டி எண்ணினாள். இல்லாத ஓட்டையில் விரலை விட்டு, "இங்க இல்லை" என்றாள். "இங்கயும் இல்லை. இங்கயும் இல்லை." ஒன்பது தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவைக்கும் மேலே மிதந்தவர்கள் ஒரு விரற்கடை இறங்கி, பதறி, காதைப் பொத்தினார்கள்.

"என்னங்க சொல்றாங்க அந்தம்மா?" என்றார் இந்திராணி அம்மையார்.

"ஒண்ணுமில்லைங்க மேடம், அவங்களுக்கு மனசு கொஞ்சம் சரியில்லை. பத்தொன்பது வருசம் ஒரே எடத்துல…" என்றார் குழந்தைவேலு.

"நீங்க யாராச்சும் குனிஞ்சு பாத்துச் சொல்லுங்க."

யாராலும் குனிய முடியவில்லை. நவநீதன் தைரியமாகக் கொஞ்சம் முயன்றான். உடனே கால் மேலே போய்த் தலைகீழாகச் சுழன்றான். பாக்கெட்டிலிருந்து ஒரு போல்ட் நழுவி, டங்கென்று அம்மையாரின் காலடியில் விழுந்து உருண்டது. அவர் அதைப் பார்த்தார். பிறகு, முழங்கால் வலியோடு, மைதீனின் தோளைப் பிடித்துக்கொண்டு, தானே குனிந்து, பஸ்ஸுக்கடியில் பார்த்தார். நிமிர அவருக்கு வெகுநேரம் ஆனது.

"இதுல என் பள்ளிக்கூடப் பிள்ளைங்களை ஏத்தச் சொன்னீங்களா?"

"அஞ்சே நிமிசங்க மேடம்," என்றார் குழந்தைவேலு, வியர்த்து. "எல்லாரும் எடுத்துக் குடுங்கப்பா. ம், எடுங்க. பெரிய ஆர்டர், மானம் போகுது. எடுங்க!"

எடுத்தார்கள். முப்பத்தோரு பேரும் பாக்கெட்டைத் துழாவிப் போல்ட்டுகளை மைதீனின் கூடையில் போட்டார்கள். குழந்தைவேலுவும் பட்டுச் சட்டையின் உள்பாக்கெட்டைக் காலி செய்தார். கூடை நிறைந்து, இன்னொரு கூடையும் நிறைந்தது. அதற்காகவே காத்திருந்ததுபோல் மேற்கேயிருந்து ஆடிக்காற்று முற்றத்துக்குள் இறங்கியது.

பந்தல் நின்றது. அவர்கள் நிற்கவில்லை. ஒரு சாண் ஒரு முழமாகி, ஒரு முழம் ஓர் ஆளாகி, சுற்றுச்சுவரைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, அடையாள அட்டைகள் கழுத்தில் படபடக்க, காற்று பிடித்துத் தள்ளிய திசைக்குப் போனார்கள். நவநீதன் பஸ்ஸின் மாலையைப் பிடித்தான். மாலை அறுந்தது. எல்லாரும் சேர்ந்து அலறினார்கள். அந்தப் பட்டறையில் முப்பத்திரண்டு பேர் மனப்பூர்வமாக ஒரே குரலில் பேசியது அன்று ஒரு நாள்தான். மைதீன் மேஸ்திரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஸ்பேனரோடு பஸ்ஸுக்கடியில் ஊர்ந்து, "நீ வெளிய வாம்மா, சேலை பாழாப் போச்சு" என்று சௌடேஸ்வரியிடம் சொன்னார்.

கிழக்கே உள்ள ஊர்கள் அவர்களையும் பழகிக்கொண்டன. மாயனூரில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிழல் விழுந்ததால் சோப்புப் பெட்டியை நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். குளித்தலை வாழைத்தோட்டத்துக்காரர்கள், தார் ஒடிந்துவிடும் என்று துரட்டியால் தள்ளிவிட்டார்கள். ஒவ்வொருவராக இறங்கினார்கள், வாயில் முதல் உண்மை வந்த இடத்தில் இறங்கினார்கள். விற்பனைக்காரன் முசிறி மணலில், ஆடு மேய்க்கிற ஒருத்தியிடம் "எனக்குப் பயமா இருக்குது" என்று சொன்னதும் இறங்கினான். நவநீதன் தொட்டியம் பக்கத்தில் ஒரு தென்னை உச்சியில் இருந்தவரிடம், "எனக்குப் பஸ்ஸைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க" என்றான். மஞ்சள் வயலில் பொத்தென்று விழுந்தான். அடுத்த மாதமே வேறொரு ஊரில் இதைவிடப் பெரிய கம்பெனியில், இதைவிடப் பெரிய பதவியில் சேர்ந்து, அங்கே இரண்டு சாண் மிதக்கிறான் என்று கேள்வி. குழந்தைவேலு மட்டும் இறங்கவில்லை. துறையூர் மலைப்பக்கம் காக்கைகளுக்கு விழுமியம் சொல்லிக்கொண்டிருப்பதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். காக்கைகள் கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருக்கவில்லை என்றும் சொன்னார்கள்.

அவருடைய மனைவி வள்ளிநாயகி நான்காம் நாள் பட்டறைக்கு வந்தார். அதுவரை ஆயுதபூஜைக்கு மட்டும் வந்தவர். காலியான அலுவலகத்தைச் சுற்றிப் பார்த்தார். "அவரு வர்றப்ப வரட்டும். வண்டியைப் பாத்துச் சொல்ல ஒரு ஆளு வேணும். யாரு இருக்காங்க?" என்று சௌடேஸ்வரியிடம் கேட்டார்.

"ஒருத்தி வந்தாங்கம்மா. நான்தான் வேண்டாம்னு அனுப்பினேன்."

"ஏன்?"

"பயந்துகிட்டுத்தான்."

"போயிக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார் வள்ளிநாயகி.

சௌடேஸ்வரி வேலாயுதம்பாளையத்துக்குப் போனபோது எஸ்தர் வீட்டுவேலையை முடித்திருந்தாள். வாசலிலேயே நின்று பேசினாள். உள்ளே கூப்பிடவில்லை. இப்போது ஒரு பெட்ஷீட் கம்பெனியில் தையல் சரிபார்க்கிறாளாம்.

"மன்னிச்சுக்கம்மா. அன்னிக்கே நீதான் சரியான ஆளுன்னு தெரியும். தெரிஞ்சேதான் அனுப்பினேன்" என்றாள் சௌடேஸ்வரி.

"தெரியாம அனுப்பியிருந்தா எனக்கு இவ்வளவு கோவம் வந்திருக்காதுங்க."

சௌடேஸ்வரி வள்ளிநாயகி சொன்னதைச் சொல்லி, வேலைக்கு வரக் கூப்பிட்டாள்.

"நான் தப்புன்னு எழுதினா அந்த வண்டி வெளிய போகக்கூடாது. மொதலாளியம்மா சொன்னாலும், நீங்க சொன்னாலும். யாரு செஞ்ச வேலையா இருந்தாலும்."

"போகாது."

"எழுதிக் குடுங்க."

சௌடேஸ்வரி தான் வந்த ஸ்கூட்டரின் சீட்டின்மேல் தாளை வைத்து எழுதிக் கொடுத்தாள். எஸ்தர் இரண்டு தடவை படித்துவிட்டு, 'கூடாது' என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போயிருப்பதைக் காட்டி, திருத்தச் சொன்னாள்.

வேலையில் சேர்ந்த முதல் நாளே அவள் ஒரு டவுன் பஸ்ஸின் பக்கச் சட்டத்தில் மூன்று இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டாள். மூன்றும் மைதீன் மேஸ்திரியே கைப்படப் போட்ட வெல்டு. பட்டறை முழுவதும் சுத்தியல் சத்தம் நின்றது. அவர் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, வட்டங்களைப் பார்த்தார்.

"முப்பத்தாறு வருசமா வெல்டு போடுறேன்."

"தெரியுங்க பாய். மத்ததெல்லாம் அருமையா இருக்குது. இந்த மூணும் உள்ள பிடிக்கலை."

பாய்க்கு ஏதாவது சொல்லி ஆற்றலாமா, எஸ்தரிடம் ஒன்றை மட்டும் விடச் சொல்லலாமா என்று சௌடேஸ்வரிக்கு நாக்கு நுனிவரை வந்தது. இரண்டையும் விட்டுவிட்டுத் தன் அறைக்குத் திரும்பிப் போனாள். மைதீன் அன்று முழுவதும் அந்த மூன்றையும் அறுத்தெடுத்து மறுபடி போட்டார். இரண்டு நாள் எஸ்தரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டீ வந்தபோது அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தார்.

மூன்றாம் நாள் காலை, ஒரு சேசிஸுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவர், அங்கிருந்தே உரக்கக் கூப்பிட்டார்.

"ஏம்மா எஸ்தர், இங்க வா. இதைப் பாரு. எனக்கு என்னமோ சரியாப் படலை."

எஸ்தர் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் ஊர்ந்தாள். மேஸ்திரியின் முகத்தில் பிரியம் ஒரு துளியும் இல்லை. டார்ச் வெளிச்சத்துக்கு வாகாக மட்டும் அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.